கடல்கடந்த காப்பீடு: எடுத்தலும் எடாமையும் குறித்த ஓர் ஆராய்ச்சி

ஆய்வின் எல்லையை முதலில் வரையறுப்பது மரபு. ஐரோப்பா செல்வோர் இதற்குள் வாரார். ஷெங்கன் விசா வேண்டுமென்றால் குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும் என்று அவர்களுடைய விசா விதி சொல்லிவிட்டது. நோயாளியை ஊருக்குத் திருப்பி அனுப்பும் செலவும் அதில் அடங்க வேண்டும். கட்டாயம் இருக்கும் இடத்தில் தத்துவத்துக்கு வேலை இல்லை. பணத்தைக் கட்டினோமா, கைரேகை வைத்தோமா என்று போய்க்கொண்டே இருக்கலாம்.

அமெரிக்கா அப்படியன்று. சுற்றுலா விசாவுக்கு அவர்கள் காப்பீடு கேட்பதில்லை. நீங்களாக யோசித்து, நீங்களாக முடிவெடுத்து, நீங்களாக அனுபவிக்கலாம். அங்கே உயிருக்கு ஆபத்தான நிலையில் வந்தவரைப் பணம் இல்லை என்பதற்காக எமர்ஜென்சி வாசலிலிருந்து திருப்பி அனுப்பக் கூடாது என்று 1986இலேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். நல்ல சட்டம். ஆனால் பில் அனுப்பக் கூடாது என்று அது சொல்லவில்லை.

ஆகவே இவ்வாய்வின் களம், மகள் பிரசவத்துக்காக நியூ ஜெர்சி புறப்படும் பெற்றோர். முதல் ஆறு மாதம் பெண் வீட்டார், அவர்கள் விமானம் ஏறியதும் அடுத்த ஆறு மாதம் பையன் வீட்டார் என்று முறைவைத்து நடக்கும் சேவை இது. மாதிரிக்கு ஒரு தம்பதியை எடுத்துக்கொள்வோம். அவர் மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர், வயது 66. அம்மாளுக்கு 61. ஊர் திருமங்கலம் என்று கொள்க. மதுரைப் பக்கத்தார் என்றால் வாதம் தெளிவாகக் காதில் விழும்.

முன்னோர் ஆய்வுகள்

இந்தக் கேள்வியைக் கணக்காகவே போட்டுப் பார்த்தவர்களுள் தலையாயவர் கணித அறிஞர் டேனியல் பெர்னூலி. 1738இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் வெளியான அவருடைய லத்தீன் கட்டுரையில் கேயஸ் என்றொரு வணிகர் வருகிறார். ஆம்ஸ்டர்டாமில் சரக்கு வாங்கிவிட்டார். அது பீட்டர்ஸ்பர்க் வந்து சேர்ந்தால் 10,000 ரூபிளுக்குப் போகும். அந்தப் பருவத்தில் 100 கப்பல் புறப்பட்டால் 5 வந்து சேராது. காப்பீட்டுக்குக் கேட்பதோ 800 ரூபிள். சராசரி நட்டம் 500தானே, 800 கேட்கிறானே பாவி என்று கேயஸுக்கு மனசு ஆறவில்லை. எடுக்கவா, விடவா? பெர்னூலி விடை சொல்லிவிட்டார். அந்தச் சரக்கு நீங்கலாக, வேறு சொத்து 5,043 ரூபிளுக்கு மேல் இருந்தால் விட்டுவிடு. குறைவாக இருந்தால் எடு.

விடையில் குறை காண இவ்வாய்வாளருக்குத் தகுதி இல்லை. திருமங்கலத்தில் அதைப் பயன்படுத்துவதில்தான் இடர்ப்பாடு. ‘வேறு சொத்து எவ்வளவு’ என்ற எண் கிடைக்காமல் சூத்திரம் நகராது. பெரியவரிடம் அந்த எண்ணை எப்படி வாங்குவது? வருமான வரித் துறைக்கு ஒரு தொகை சொல்லியிருக்கிறார், மனைவிக்கு ஒரு தொகை, தம்பிமார்களுக்கு ஒரு தொகை. விசா நேர்காணலில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற அதிகாரியிடம் சொன்ன தொகை தனி. கடைசியாகச் சொன்னதுதான் ஆகப் பெரிது. அதை வைத்துக் கணக்குப் போட்டால் அவர் பிறருக்குக் காப்பீடு விற்கலாம்.

மேலும், கேயஸுக்கு மனைவி உண்டா, மகளைக் கட்டிக்கொடுத்திருக்கிறாரா என்ற செய்திகள் மூலக் கட்டுரையில் இல்லை. பெர்னூலி கடைசிவரை மணம் செய்துகொள்ளாதவர் என்பது இங்கே கருதத்தக்கது.

பயணத்தோடு காப்பீட்டைச் சேர்த்து விற்கும் வழக்கம் இரயிலோடு வந்தது. 1849 வாக்கில் இங்கிலாந்தில் இரயில் பயணிகளுக்கென்றே தோன்றிய ஒரு கம்பெனி, ஸ்டேஷனில் டிக்கெட்டோடு காப்பீட்டுச் சீட்டும் விற்றது. முதல் வகுப்புக்கு 3 பென்னி. உயிர் போனால் 1,000 பவுன். இரண்டாம் வகுப்புக்கு 2 பென்னி, 500 பவுன். மூன்றாம் வகுப்புக்கு 1 பென்னி, 200 பவுன். ஒரே விபத்தில் மூன்று விலையில் சாகலாம். இன்று அந்த வகுப்புகளுக்கு வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று பெயர். நம் ஐஆர்சிடிசி 45 பைசா வாங்கிக்கொண்டு உயிருக்கு 10 லட்சம் தருகிறது. அந்த 45 பைசாவால் எந்த வீட்டிலும் சோறு ஆறிப்போனதில்லை.

மாத்திரைப் படலம்

விண்ணப்பத்தில் ஒரு கட்டம் உண்டு: ஏற்கெனவே உள்ள நோய்கள். இந்த ஆய்வின் உயிர்நிலை அதுதான். பெரியவர் எடுக்க இசைந்ததாகவே ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். டிராவல்ஸ் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் தம்பி கேட்கிறார்.

“சார், சுகர், பிரஷர் ஏதாச்சும் இருக்கா?”

“எனக்கென்னப்பா, கல்லு மாதிரி இருக்கேன்.”

“ஏங்க, காலையில மாத்திரை போடுறீகளே…”

“அது சுகர் ஏறாம இருக்கப் போடுறது. ஏறுனாத்தான நோயி? நீ சும்மா இரு.”

தம்பி ‘இல்லை’ என்று தட்டிவிடுகிறார். அவருக்கு அடுத்த ஆள் காத்திருக்கிறது.

இனி வீட்டுக்கு வருவோம். சாப்பாட்டு மேசையில் ஆறு மாதத்துக்கு மெட்ஃபார்மின், ஆறு மாதத்துக்கு ஆம்லோடிபின். மாதவாரியாக அட்டைகளைப் பிரித்து ரப்பர் பேண்டு போட்டு, அம்மாள் கையால் ‘கா’, ‘ரா’ என்று மார்க்கர் எழுத்து. எல்லாம் ஜிப் கவரில் போய், அதன் மேல் டாக்டர் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம். கஸ்டம்ஸில் கேட்டால் காட்டுவதற்கு. இன்னார் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் என்னிடம் சிகிச்சை பெற்று வருகிறார், கீழ்க்கண்ட மருந்துகள் அவருடைய சொந்த உபயோகத்துக்கானவை என்று கையெழுத்து, முத்திரை, பதிவு எண். அந்தக் கடிதத்துக்கு அடியில், அதே கவரில், அவருக்கு ஒரு நோயும் இல்லை என்று அவரே உறுதி கூறிய பாலிசி.

ஒரே பெட்டியில் இரண்டு சாசனங்கள் முரண்படும்போது எது செல்லும்? க்ளெய்ம் போட்டால் கம்பெனி பழைய மருத்துவக் குறிப்புகளைக் கேட்கும். அமெரிக்க டாக்டர் கேட்டதும் பெரியவரே படுக்கையில் இருந்தபடி எத்தனை வருஷமாக மாத்திரை என்று பெருமையாகச் சொல்லிவிடுவார். டாக்டரிடம் பொய் சொல்லக் கூடாது என்பது அவர் கொள்கை. அதோடு பாலிசி காகிதம். எந்தக் கம்பெனி, எத்தனை டாலர் கவர் என்று ராத்திரியெல்லாம் அலசுகிறவர்கள் இந்த ஒரு கட்டத்தை ஐந்து விநாடியில் தாண்டிவிடுவதுதான் இத்துறையில் இவ்வாய்வாளரை உண்மையாகவே கோபப்படுத்தும் விஷயம். சர்க்கரை உண்டு என்று எழுதினால் பிரீமியம் கொஞ்சம் ஏறலாம், சர்க்கரையால் வருவதை விலக்கிவைக்கலாம். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அப்போதும் தருவார்கள். இல்லை என்று எழுதி மாட்டினால் அந்த இடுப்புக்கும் ஆபத்து.

அமெரிக்காவில் விற்கும் திட்டங்கள் பலவற்றில் பழைய நோய் திடீரென்று முற்றினால் மட்டும் கொடுப்போம் என்று ஒரு சலுகை உண்டு. அதற்கும் முன்னறிகுறி இருந்திருக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் சிகிச்சைக்குப் போயிருக்க வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகள். “வாயுப் பிடிப்பா இருக்கும், சுக்குத் தண்ணி போடு, காலையில பாப்போம்” என்கிற வைத்திய மரபில் வளர்ந்தவருக்கு அந்த 24 மணி நேரம் பெரும்பாலும் சுக்கிலேயே கழிந்துவிடும்.

நூற்பாவும் உரையும்

பாலிசியை இலக்கண நூலாகவே கொள்ளலாம். பாயிரம் உண்டு, அதில் ஒரு குடும்பம் கடற்கரையில் சிரித்துக்கொண்டு நிற்கும். விதி உண்டு, விலக்கு உண்டு, புறனடை உண்டு. விதியைவிட விலக்கு நீளம். மாதிரிக்கு ஒரு நூற்பா:

‘பயணத்தின்போது எதிர்பாராது திடீரென நேரும் நோய்க்கு உரிய சிகிச்சைச் செலவு வழங்கப்படும்.’

இதன் உரை: ‘பயணத்தின்போது’ என்றதனால் ஊர் திரும்பிப் படுத்தது விலக்கப்பட்டது. ‘எதிர்பாராது’ என்றதனால் டாக்டர் முன்னமே எச்சரித்தது நீக்கினார். ‘திடீரென’ எனவே, விட்டுவிட்டு வலித்தது கொள்ளப்படாது. ‘நோய்’ என்றதனால் பல் கட்டலும் மூக்குக் கண்ணாடி மாற்றலும் நோயாகா என்பது பெற்றாம். ‘உரிய’ என்றது மருத்துவமனை கேட்டதையன்று, கம்பெனி உரியதென்று கண்டதை என்க. ‘வழங்கப்படும்’ என்னும் செயப்பாட்டு வினையால் வழங்குவார் யார், எப்போது என்பன தொக்கு நின்றன. முதல் 100 டாலர் நம் கையைச் சேர்ந்தது என்பது புறனடையாற் கொள்க.

உரை வேறுபாட்டில் ஊரே மாட்டிக்கொண்டதும் உண்டு. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தில் எரிமலை வெடித்து, சாம்பல் பரவி, ஐரோப்பிய வான்வழிகள் நாள்கணக்கில் அடைபட்டன. ஏறக்குறைய 1 லட்சம் விமானப் பயணங்கள் ரத்து. மோசமான வானிலையால் பயணம் தடைப்பட்டால் இழப்பீடு என்று பல பாலிசிகளில் எழுதியிருந்தது. எரிமலைச் சாம்பல் வானிலையா? ஆம் என்று ஒரு சாரார் கொடுத்தார்கள். அன்று என்று ஒரு சாரார் கையை விரித்தார்கள். ஏர்போர்ட் தரையில் துண்டை விரித்துப் படுத்திருந்தவர்கள் இலக்கணத்தின் பயன் என்ன என்பதை அன்று அறிந்தார்கள்.

அம்மாள் தரப்பு

1993இல் எரிக் ஜான்சன் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் ஒரு விசித்திரத்தைக் காட்டினார்கள். விமானப் பயணத்தில் பயங்கரவாதத்தால் இறந்தால் மட்டும் பணம் தரும் காப்பீட்டுக்கு எவ்வளவு கொடுப்பீர்கள் என்று சிலரைக் கேட்டால் சராசரியாக 14 டாலர் சொச்சம். எந்தக் காரணத்தால் இறந்தாலும் தரும் காப்பீட்டுக்கு என்று வேறு சிலரைக் கேட்டால் 12 டாலர் சொச்சம். முழுப் பலாவைவிடச் சுளைக்கு விலை அதிகம். கண் முன்னால் படமாக விரிவதற்குத்தான் மனிதர் காசு கொடுக்கிறார்.

அம்மாளுக்கு விரியும் படம் பெட்டி. இடுப்பெலும்பைப் பற்றி அவர் கவலைப்பட்டு யாரும் பார்த்ததில்லை. பத்திய மருந்து, அங்காயப் பொடி, பேரப்பிள்ளைக்கு வசம்பு வளையல், நார்த்தங்காய் ஊறுகாய் என்று 23 கிலோவுக்குத் துல்லியமாக நிரம்பிய பெட்டி தொலைந்தால்? மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி 21 நாளில் வந்து சேராத பெட்டிக்கு விமானக் கம்பெனியே பொறுப்பு, உச்சவரம்புக்கு உட்பட்டு. பாலிசியும் கொஞ்சம் தரும். நகையும் ரொக்கமும் பெரும்பாலும் விலக்கு. மற்றதற்கு பில் வேண்டும். நார்த்தங்காய் மரம் பில் தருவதில்லை.

பாலிசி எடுத்தால் ஒன்றும் நடக்காது, எடுக்காவிட்டால்தான் நடக்கும் என்றும் அம்மாள் கருதுகிறார். இதை எளிதில் தள்ள முடியாது. காப்பீடு இருப்பது நினைவில் இருந்தாலே கெட்டது நடக்கும் வாய்ப்பு குறைவு என்று மக்கள் எண்ணுகிறார்கள் என 2008இல் ஓரிட் டைகோசின்ஸ்கி என்ற உளவியலாளர் எழுதினார். 2013இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்து, அப்படியொன்றும் தெரியவில்லை என்றார்கள். அவர்கள் திருமங்கலத்தில் கேட்டிருக்க வேண்டும்.

கருதுகோள்

இனி முடிவு எங்கே எடுக்கப்படுகிறது என்று பார்ப்போம். பெரியவர் நிலை: தண்டம். பக்கத்து வீட்டு அண்ணாச்சி நிலை: நாங்க எடுக்கல, என்ன ஆயிருச்சு? மகள் நிலை: “அப்பா, இங்க ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில இருந்தா எவ்வளவுன்னு தெரியுமா?” மாப்பிள்ளை நிலை: வாட்ஸ்ஆப்பில் ஒரு லிங்க், அதன் கீழ் ஒரு வார்த்தையும் இல்லை. அம்மாள் நிலை: “நீங்க பாத்துச் செய்யுங்க.” இவற்றுள் மிக ஆபத்தானது கடைசியில் சொன்னது. நடந்த பிறகு அவர் எந்தப் பக்கமும் இருந்திருக்க அது இடம் கொடுக்கிறது.

டாலர் கணக்கு எதுவும் பெரியவரை அசைக்கவில்லை. அவரை அசைத்தது வேறு. அங்கே ஏதாவது ஆகி, பில் வந்தால், அது யார் பெயருக்கு வந்தாலும் எடுத்துக் கட்டுவது மாப்பிள்ளைதான். மாப்பிள்ளை ஒன்றும் சொல்ல மாட்டார், தங்கமான பிள்ளை. ஆனால் ஆறு மாதம் கழித்து அதே சோபாவில் சம்பந்தி வந்து உட்காருவார். சம்பந்தியம்மா யாரிடமோ போனில், “அவுக வந்திருந்தப்ப ஆஸ்பத்திரிக்கு மட்டும் இம்புட்டு ஆச்சாம்” என்று பேசுவார். இந்த ஒரு வாக்கியத்துக்கு எதிராகத்தான் தமிழ்நாட்டில் பயணக் காப்பீடு விற்பனையாகிறது என்பது இவ்வாய்வின் கருதுகோள். பெர்னூலியின் 5,043இல் சம்பந்தி இல்லை. சேர்த்தால், எவ்வளவு சொத்து இருந்தாலும் எடுத்தே தீர வேண்டும் என்றுதான் விடை வருகிறது. சொத்து கூடக்கூடச் சம்பந்தியின் தகுதியும் கூடிவிடுகிறதே.

சரிபார்ப்பு: ஒரு ராத்திரி பெரியவரே மகளுக்குப் போன் போட்டு, “சரி, அந்தச் சனியனக் கட்டித் தொலைமா” என்றார். சுகர், பிரஷர் இரண்டையும் சேர்த்து எழுதச் சொன்னது அம்மாள். மகள் கட்டிவிட்டு, கேட்ட தொகையில் பாதியை அப்பாவிடம் சொன்னாள். ஆறு மாதத்தில் அவருக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. கொடுத்த காசுக்கு ஒரு காய்ச்சலாவது வந்திருக்கலாம் என்று விமானத்தில் கணக்குப் பார்த்துக்கொண்டே வந்தார். ஊர் வந்து சேர்ந்த வாரத்தில் சம்பந்தி போன் செய்தார். அடுத்த முறை அவர்களுடையது.

“இந்த இன்சூரன்ஸு, எடுக்கணும்களா சம்பந்தி? தண்டம்னு சொல்றாகளே.”

“அப்படியெல்லாம் நெனச்சுராதீக. பெரிய பிளானாவே எடுத்துருங்க. பின்னாடி நான் சொல்லலைன்னு ஆயிரக் கூடாதுல்ல?”