நாற்பதும் நாற்பதும்

ஹைதராபாத்தில் கம்ப்யூட்டர் சாமான் என்றால் செகந்திராபாத் பார்க் லேன், செனாய் டிரேட் சென்டர். வேகப் பித்துப் பிடித்தவருக்கு அங்கே ஒற்றை போர்ட் நெட்வொர்க் கார்டைக் காட்டினால் முகம் சுளிப்பார். 40 கிகாபிட் போர்ட் இரண்டு இருக்க வேண்டும். நாற்பதும் நாற்பதும் எண்பதாச்சே!

அந்தக் கார்டு உட்காரும் எட்டு லேன் பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 ஸ்லாட் 63 கிகாபிட்டைத் தாண்டாது. போகட்டும், அந்த 63 கிகாபிட்டாவது வருமா? இரண்டு போர்ட்டையும் எல்ஏசிபி என்னும் இணைப்பு நெறிமுறை போட்டு ஒன்றாகக் கட்டினாலும், ஒரு ஃபைல் காப்பி ஒரே போர்ட் வழியாகத்தான் போகும். அனுப்புபவர், பெறுபவர் முகவரியைப் பார்த்து எந்தப் போர்ட் என்று முன்கூட்டியே தீர்ப்பு எழுதியாகிவிடும். பாக்கெட்டுகள் வரிசை கலையக் கூடாதல்லவா! மற்ற போர்ட் சம்பளத்துக்கு வந்துபோகிற ஆள் மாதிரி அவ்வப்போது விளக்கைச் சிமிட்டும்.

எதிர்முனையில் காத்திருப்பதோ சாதா ஹார்ட் டிஸ்க். நொடிக்கு 200 மெகாபைட் எழுதினாலே பெரிய விஷயம், அதாவது 1.6 கிகாபிட்.

இதையெல்லாம் பித்தரிடம் பொறுமையாக விளக்கிப் பாருங்கள். தலையாட்டிக் கேட்டுவிட்டுக் கடைக்காரர் பக்கம் திரும்புவார்: "பையா, நாலு போர்ட்டில் இருக்கா?"