மல்லாவிக்கென்றே செய்த ஸ்கூட்டர்

இரட்டை மோட்டார், 72 வோல்ட் பற்றரி, மணிக்கு 80 கிலோமீற்றர் வேகம். நின்றபடி ஓட்டும் இந்த மின்சார ஸ்கூட்டர் கரடுமுரடான வழிக்கென்றே செய்ததாம். எங்கள் ஊர் மல்லாவியை மனத்தில் வைத்துத்தான் செய்திருக்கிறார்கள். வெளியே சொல்லாதது அவர்களின் தன்னடக்கம்.

இருக்கை இல்லை. அருமை! வவுனிக்குளத்து வயலுக்குப் போகிறவர் உரமூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டே 80இல் பறக்கலாம். தூறலைத் தாங்குமாம். ஆகவே கார்த்திகை, மார்கழி மழையில் வீட்டுக்குள் வைத்துத் துடைத்துக்கொண்டிருக்கலாம்.

தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டிய சனம் நாங்கள். 2022இல் கியூ.ஆர். அட்டையைக் காட்டிப் பெற்றோலை அளந்து வாங்கினோம். அந்தச் சிறுமையெல்லாம் இனி இல்லை, மின்சாரம் இருந்தால் போதும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுதும் இருண்டபோது, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மோதியதாக அமைச்சர் சொன்னார். எண்ணெய்க் கப்பலைப் பார்த்திருந்த நாங்கள் இனிக் குரங்கைப் பார்த்திருப்போம். குரங்குக்கு டொலர் தேவையில்லை, இதுவும் முன்னேற்றந்தான்.

ஸ்கூட்டரைத் தெரிவுசெய்து அனுப்பியவர் ரொறன்ரோ மருமகன். பொது வீதியில் இவ்வகை ஸ்கூட்டர் வேண்டாமென்று அந்த மாநகரசபை 2021இலேயே முடிவெடுத்துவிட்டது.

"நீர் ஓடிப் பாத்தனீரோ, மருமகன்?"

"இல்லை மாமா, இஞ்சை ரோட்டிலை ஓட விடாங்கள். அதுதான் ரோட்டில்லாத இடமாப் பாத்து அனுப்பினனான்."

அடுத்ததாக ஒரு பனிச்சறுக்கு வண்டியும் பார்த்து வைத்திருக்கிறாராம்.