பத்து வெள்ளிக் காரியம்

தாத்தா கிட்டங்கித் தெருவில் ஒரு கடைவீடு வாங்கினார். வாங்கியதோடு நிறுத்தியிருக்கலாம். பிள்ளைகள் விற்றுத் தின்றுவிடுவார்கள் என்று பயந்து, பேரப்பிள்ளைகளுக்கு என்று டிரஸ்ட் எழுதிவைத்துவிட்டுக் கண்ணை மூடினார். டிரஸ்டிகளாக இருந்த பெரியவர்களும் ஒவ்வொருவராகப் பின்னாலேயே போய்ச் சேர, இன்று நிலக் கிராண்டில் இருப்பது என் பெயர். பெயருக்குப் பின்னால் 'டிரஸ்டியாக' என்று ஒரு வால். நில வரியும் வீட்டு வரியும் என்னைத்தான் விசாரித்துக்கொண்டு வரும். வாடகையில் மற்றவர்கள் பங்கு அவரவர் பேங்குக்குப் போகும். என் பங்கு ஓடு மாற்றுகிறவரிடம் போகும். செலவை வாடகையில் கழித்துக்கொள்ளச் சட்டம் விடுகிறது. அக்கா விடமாட்டாள்.

தாத்தாவை மட்டும் சொல்லிப் பயனில்லை, இந்தப் பினாங்குத் தீவுக்கே சொத்தைக் கட்டிப்போடும் ஆசை உண்டு. ஓ இயோ நியோ என்ற பினாங்குச் சீனப் பாட்டி, தனக்கும் கணவருக்கும் சடங்கு செய்யவென்றே ஒரு வீட்டை உயிலில் காலத்துக்கும் ஒதுக்கிவைத்தார். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 'இதில் நன்மை குடும்பத்துக்குத்தான், ஊருக்கில்லை. தர்மக் கணக்கில் சேராத சொத்தை இப்படி முடிவில்லாமல் கட்டிப்போடக் கூடாது' என்று 1875இல் அங்கே தள்ளிவிட்டார்கள். தாத்தா விவரமானவர், பேரப்பிள்ளைகளோடு நிறுத்திக்கொண்டார். மாட்டிக்கொண்டது நான்.

எல்லார் பேருக்கும் மாற்றிவிட்டுத் தலைமுழுகலாம் என்று லாயரிடம் போனேன். சின்னப் பெண். "ரொம்ப ஈஸி, அங்கிள். பயனாளிகள் எல்லாரும் 18 வயசு தாண்டி, ஒருமனதா கேட்டா டிரஸ்ட்டை முடிச்சுடலாம். பேர் மாத்துற 14ஏ பாரத்துல கையெழுத்து. முத்திரை வரி பத்தே வெள்ளி."

எல்லாரும் என்றாளே, அங்கேதான் எனக்கு வியர்த்தது. இந்த விதிக்கு மூலம் 1841ஆம் வருஷத்து இங்கிலாந்து வழக்காம். வோட்டியர் என்ற பையனுக்கு 25 வயதில் கொடுக்கச் சொல்லியிருந்த கிழக்கிந்தியக் கம்பெனிப் பங்குகளை அவன் 21 வயதிலேயே கேட்டான். கோர்ட்டும் கொடு என்றது. கொடுக்காமல் என்ன செய்யும்? அவன் ஒண்டி ஆள். அவனுக்கு என் அக்கா இல்லை.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் வீட்டுக்கு வரச் சொன்னேன். வடை தீரும்வரை ஒற்றுமை இருந்தது. பிறகு தம்பி, விற்றுப் பிரிக்கலாம் என்றான். அக்கா, தாத்தா படம் மாட்டிய சுவரை எவன் விற்பான் என்றாள். மெல்பர்னிலிருந்து வீடியோவில் வந்த அத்தை மகன் எதற்கும் சரி என்றார். அவர் இப்போது ஆஸ்திரேலியக் குடிமகன், அவர் பேரில் நிலம் எழுத மாநில அரசு ஒப்புதல் தரவேண்டும் என்றதும், தன்னை ஒதுக்கப் பார்க்கிறேன் என்று லைனைத் துண்டித்துவிட்டார். ஈப்போ சித்தப்பா மகள், நான் ஏன் இவ்வளவு அவசரப்படுகிறேன் என்று என் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தாள்.

இருந்தாலும் ஒருமனதாக ஒரு தீர்மானம் நிறைவேறத்தான் செய்தது. மழைக்கு முன்னால் ஓட்டை மாற்றிவிட வேண்டும், டிரஸ்டி பார்த்துக்கொள்வார்.