உருண்டையும் முக்கோணமும்

எழுபதுகளின் கடைசியில் நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்த அரசு மருத்துவமனையில், எந்த ஊசியால் தைப்பது என்று முடிவு செய்வது சர்ஜன் அல்ல, தியேட்டர் சிஸ்டர். லைசால் கிண்ணத்தில் கிடக்கும் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காஸ் துணியில் குத்தி இழுப்பார். துணியின் இழை சிக்கிக்கொண்டு வந்தால் முனை மடங்கிவிட்டது என்று பொருள். அது சாணைக்குப் போகும். மீதி தேறுவது இரண்டோ மூன்றோ.

"குடலுக்கு உருண்டை, தோலுக்கு முக்கோணம். வேற என்ன சார் வேணும்?"

வேண்டியது நிறைய இருந்தது. ஊசிக் காதில் கோத்த கேட்கட் நூல் இரட்டை மடிப்பாகத் திசுவுக்குள் போகும். ஊசி போட்ட ஓட்டையை நூல் இன்னும் பெரிதாக்கும். முக்கோண ஊசிக்குக் கூர்விளிம்பு உள்வளைவில். அதனால் முடிச்சை இறுக்கும்போது நூல் காயத்தின் ஓரத்தை நோக்கித் தோலை அறுத்துக்கொண்டு வரப் பார்க்கும். சுசுருதராவது மூன்று வகை சொன்னார்: சதை குறைந்த இடத்துக்கு உருண்டை, சதைப்பிடிப்புக்கு முப்பட்டை, வயிற்றுக்கு வில்லாக வளைந்தது. சிஸ்டர் அவரைப் படித்ததில்லை. இரண்டிலேயே சமாளித்தார்.

இப்போது ஊசியும் நூலும் பிரியாத தம்பதியாகப் பாக்கெட்டில் வந்து இறங்குகின்றன. ஊசியின் அசல் அளவுப் படம் அட்டையிலேயே உண்டு. உருண்டை முனைக்கு வட்டத்துள் புள்ளி, வெட்டும் முனைக்கு முக்கோணம். கூர்விளிம்பை வெளிவளைவுக்குத் தள்ளிய ரிவர்ஸ் கட்டிங் தோலுக்கு; ஈரல் கிழியாதிருக்க மொட்டை முனை; இடுப்புக்குழியின் ஆழத்துக்கு 5/8 வட்டமாக வளைந்த ஊசி; கருவிழிக்குத் தலைமுடியைவிட மெல்லிய 10-0 நைலான். என் மாணவர்கள் இதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். நாங்கள் பொறாமைப்படத்தான் வேண்டும்.

சமீபத்தில் அவர்களில் ஒருவர் இடுப்புக்குழிக்குள் தலையைக் கவிழ்த்தபடி, "5/8 கொடுங்க சிஸ்டர்" என்றார்.

"இந்த டெண்டர்ல அது வரலை சார். 3/8தான் இருக்கு."

3/8 வட்டத்தைக் குறுகிய குழிக்குள் ஓட்ட மணிக்கட்டை அகலமாகச் சுழற்ற வேண்டும். அங்கே விரலைத் திருப்பவே இடமில்லை. உள்ளே போன முனை மறுபக்கம் தலைகாட்டவில்லை. நீடில் ஹோல்டரை மாற்றிப் பிடித்தார், பெருமூச்சு விட்டார், கடைசியில் ஊசியை உருவிப் போட்டார். சிஸ்டர் கொஞ்சமும் முகம் கோணாமல் அடுத்த பாக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். அதுவும் 3/8.