‘ஒண்ணுமில்ல’ அத்தான்

செருப்பைக் கழற்றும்போதே அத்தான் சொல்லிவிடுவார்: “இது ஒண்ணுமில்ல மாப்ளே.” கம்ப்யூட்டரை இன்னும் பார்த்திருக்கவே மாட்டார். உங்கள் வீட்டில் இவர் சித்தப்பாவாக இருக்கலாம், மாடிவீட்டு சாராக இருக்கலாம். அந்த ‘ஒண்ணுமில்ல’ மட்டும் எல்லாருக்கும் பொது.

அதில் ரகம் உண்டு. சாதாரணமாகச் சொன்னால் ஒரு மணி நேரம். “ஒண்ணுமே இல்ல” என்று ஏகாரம் போட்டால் அவருக்கும் சேர்த்து அரிசி போட வேண்டும். “ஒண்ணும்... இல்ல” என்று நடுவில் நிறுத்தி மூக்கைச் சொறிந்தால் அன்றைக்கு விண்டோஸ் போச்சு.

போன ஆனியில், குற்றாலத்தில் சாரல் தொடங்கி செங்கோட்டையில் கரண்ட் கண்ணாமூச்சி ஆடிய நேரம். எங்கள் கம்ப்யூட்டரில் பழைய பாட்டுத் தளம் ஒன்று ஜோராகத் திறந்தது. வங்கித் தளமும் ரயில் டிக்கெட் தளமும் அசையவில்லை. “அதே வைஃபைல என் போன்ல எல்லாம் தெறக்குதே அத்தான்” என்றேன். “போன் வேற, இது வேற. இது ஒண்ணுமில்ல.”

திரையில் ஏதோ எச்சரிக்கை வந்தது. அத்தான் அதைப் படிக்காமல் மூடினார். மறுபடி வந்தது, மறுபடி மூடினார். கல்யாண வீட்டு வாசலில் பிச்சைக்காரரை விரட்டுகிற மாதிரி ஒரு வேகம். பிறகு உள்ளே எங்கேயோ புகுந்து, 8.8.8.8 என்று நாலு எட்டை ஒரு விரலால் அடித்தார். தளங்களின் முகவரியைக் கேட்டுச் சொல்கிற கூகுளின் எண் அது. முகவரி தெரியாமல் முழிக்கிற கம்ப்யூட்டருக்கு நல்ல மருந்துதான், மறுக்கவில்லை. ஆனால் வயிற்றுவலிக்காரனுக்குக் கண்ணாடி மாட்டினால்?

மூன்றாம் வருகையில் மூக்கைச் சொறிந்தார். ஃபார்மேட். “டி டிரைவ்ல ஃபோட்டோ இருக்கு அத்தான்.” “அது ஒண்ணுமில்ல, அப்படியே இருக்கும்.” இல்லை. அம்மா ஐந்தருவியில் தலைமுடியைப் பிழிந்துகொண்டு சிரித்த படம் அதில்தான் இருந்தது. வேறு பிரதி கிடையாது. இதை நகைச்சுவையாக எழுத எனக்கு வரவில்லை. தெரியாது என்ற ஒரு வார்த்தையை அந்த மனுஷர் வாழ்நாளில் ஒரு தடவை சொல்லியிருந்தால் அந்தப் படம் இருந்திருக்கும்.

கிளம்பும்போது தவறாமல் ஒரு அறிவுரை: “சுவத்து சுவிட்சை ஆஃப் பண்ணிரு மாப்ளே. இடி மின்னல் நேரம்லா.”

கடைசியில் மகள்தான் எச்சரிக்கையைப் படித்தாள். “அப்பா, நம்ம கடிகாரம் பின்னால இருக்குன்னு போட்டிருக்கு.” மூலையில் பார்த்தால் 2009 ஜனவரி 1. அதற்கு நேர் மேலே சுவரில், பண்பொழி திருமலை முருகன் காலண்டர் சரியான தேதியோடு தொங்குகிறது. நானும்தான் பார்க்கவில்லை.

எங்கள் கம்ப்யூட்டர் கணக்கில் தென்காசி மாவட்டம் பிறக்கவில்லை. அது 2019 நவம்பரில்தானே வந்தது. ஆரியங்காவு வழியாகப் புனலூருக்கு மீட்டர்கேஜ் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. அத்தானின் நாலு எட்டே 2009 டிசம்பரில்தான் வந்தது என்றால் பாருங்கள். பூட்டுப் போட்ட தளங்கள் ஒவ்வொன்றும் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை செல்லும் என்று ஒரு சான்றிதழை நீட்டும். புளியரை செக்போஸ்டில் அடுத்த மாதத் தேதி போட்ட பர்மிட்டை நீட்டினால் லாரியை விடுவார்களா? பாட்டுத் தளத்துக்குப் பூட்டுமில்லை, சான்றிதழுமில்லை. அதனால் அது தாராளமாக வந்து போனது. விண்டோஸ் நேரத்தைத் தானே திருத்துமே என்பீர்கள். பதினைந்து மணி நேரம் வரை பிசகினால் திருத்தும். பத்து வருஷத்துக்கு மேல் பிசகினால் அதுவும் கையை விரித்துவிடும்.

மதர்போர்டில் காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கிறது, சி.ஆர். 2032. கரண்ட் இல்லாதபோது தேதியை நினைவு வைத்திருப்பது அதன் வேலை. அது செத்துப்போயிருந்தது. ஆக, சுவர் சுவிட்சை அணைக்கும் ஒவ்வொரு இரவும் நாங்கள் பயபக்தியோடு 2009-க்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். வாட்ச் கடைக்காரர் எண்ணைக் கேட்டதுமே “இருபது மில்லிமீட்டர் அகலம், 3.2 கனம்” என்று எடுத்து நீட்டினார். ஐம்பது ரூபாய்க்கு மிச்சமும் கொடுத்தார்.

சாயங்காலம் அத்தான் வந்தார், மழையில் நனைந்துகொண்டே, கையில் பிரானூர் பார்டர் பரோட்டாப் பொட்டலத்தோடு. பொட்டலம் மட்டும் நனையவில்லை, சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். இதுவரை ஒரு ரூபாய் வாங்கியதில்லை, கேட்டால் கோபம் வரும். விஷயத்தைச் சொன்னோம். மேஜைமேல் கிடந்த செத்த பேட்டரியை எடுத்து, வேட்டி நுனியில் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“இதுக்கு ஒண்ணுமில்ல மாப்ளே, நல்லாத்தான் இருக்கு” என்று சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

கீழத்தெரு மச்சினர் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. போன் போட்டுச் சொல்லிவைக்க வேண்டும்.