மொய் பாக்கி

ஆடி பிறந்துவிட்டால் புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கம் பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தெரியும். ஊருக்கு ஊர் பந்தல். பந்தலுக்குள் கறிக்குழம்பு. வாசலில் மொய் மேசை. மேசையில் நோட்டு, நோட்டுக்குப் பக்கத்தில் இப்போதெல்லாம் லேப்டாப், பணம் எண்ணும் இயந்திரம். சாப்பிட்டவர் கை கழுவிவிட்டு நேராக மேசைக்கு வருவார். பெயர், ஊர், தொகை. முன்பு வாங்கியதைத் திருப்பி வைப்பது பழைய நடை. அதற்கு மேல் வைப்பது புது நடை. பத்திரம் இல்லை. ஜாமீன் இல்லை. 2019-இல் வடகாட்டில் ஒரே மொய் விருந்தில் நான்கு கோடி ரூபாய் வசூலானதாகப் பத்திரிகைகள் எழுதின.

ஊர் கூடிப் பணம் திரட்டுவது எப்படி என்று நமக்கு எவரும் வகுப்பெடுக்க வேண்டாம். நாமே எடுப்போம்.

அதே பந்தலில், அதே மேசைக்குப் பக்கத்தில் நின்று ஒன்று கேட்டுப் பாருங்கள். "அண்ணே, உங்க பொண்ணு பாடம் பார்க்குற வலைத்தளம் விளம்பரம் இல்லாம நடக்குது. படிக்கிறவங்க கொடுக்குற பணத்துலதான் ஓடுது. ஒரு நூறு ரூபாய் போடுங்களேன்."

அண்ணன் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். பிறகு தமிழ்நாட்டின் அதிகாரபூர்வமற்ற தேசிய கீதத்தைப் பாடுவார்.

"அது ஃப்ரீதானே?"

இல்லை, அண்ணே. எதுவும் ஃப்ரீ இல்லை. சர்வருக்கு வாடகை உண்டு. தளத்தின் பெயருக்கு ஆண்டுக் கட்டணம் உண்டு. இரவு பதினொரு மணிக்கு மெய்ப்புத் திருத்துகிறவருக்குக் கண் உண்டு. கண்ணுக்கு டாக்டர் உண்டு. டாக்டருக்கு ஃபீஸ் உண்டு. உங்களிடம் பில் நீட்டவில்லை. அவ்வளவுதான். பில் நீட்டாதவரிடம் கடனே இல்லை என்று முடிவு கட்டிவிட்டோம்.

காரணங்களுக்கு மட்டும் நம்மிடம் பஞ்சமில்லை. ஒருவர் கேட்பார், "80ஜி ரசீது கிடைக்குமா?" புதிய வரி முறையில் அந்தக் கழிவே கிடையாது. அந்த முறையைத் தேர்ந்தெடுத்தவரும் அதைத்தான் கேட்பார். நூறு ரூபாய்க்கு. இன்னொருவர் சொல்வார், "இதெல்லாம் அரசாங்கம் செய்யணும் சார்." சொன்னவரே மறுநாள், அரசாங்கம் செய்தது எதுவும் உருப்படவில்லை என்று டீக்கடையில் தீர்ப்பு வாசிப்பார். மூன்றாமவர் கம்பெனிக்காரர். 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும். "கொடுக்கலாம், ஓர் ஓரமா எங்க லோகோ வருமா?" வராது ஐயா. அது வந்தால் அதற்குப் பெயர் விளம்பரம். அது வேண்டாம் என்றுதானே உங்களிடம் வந்தோம்.

நான்காமவர்தான் மேதாவி. "விளம்பரம் போட்டுச் சம்பாதிக்க வேண்டியதுதானே?"

போடலாம். பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒளிச்சேர்க்கை படிக்கும்போது நடுவில் சீட்டுக்கட்டு குதிக்கும். ரம்மி ஆடு, லட்சம் வெல். அந்தச் சூதாட்டத்தில் குடும்பங்கள் அழிகின்றன என்று 2022-இல் சட்டமன்றம் தடைச் சட்டம் கொண்டுவந்தது. ஆளுநர் அதைத் திருப்பி அனுப்பி, சபை மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில்தான் ஒப்புதல் வந்தது. அந்த மாதங்களில் விளம்பரம் ஒரு நாளும் லீவு போடவில்லை. விளம்பரம் போட்ட பாடத்தில் பாடம் சரக்கு அல்ல. பிள்ளைதான் சரக்கு. பாடம் தூண்டிலில் மாட்டிய புழு.

சரி, சந்தைதான் கல்வியைக் காப்பாற்றும் என்பவர்களுக்கு ஒரு கதை. கதை இல்லை, பைஜூஸ். 2022-இல் அந்த நிறுவனத்தின் மதிப்பு 2,200 கோடி டாலர். இந்திய கிரிக்கெட் அணியின் நெஞ்சில் அதன் பெயர். கத்தார் உலகக் கோப்பைக் கால்பந்திலும் அதன் பெயர். 2024 ஜூலையில் தீர்ப்பாயம் அதன் மீது திவால் வழக்கை ஏற்றது. வழக்குப் போட்டது யார்? பாடம் புரியாத பிள்ளை இல்லை. சட்டையில் பெயர் போட்ட வகையில் 158 கோடி ரூபாய் பாக்கி என்று கிரிக்கெட் வாரியம். கல்வி நிறுவனம் கவிழ்ந்தது, சட்டை பாக்கியில்.

அந்த 158 கோடியை வைத்துத் தமிழில் எத்தனை தளங்களை எத்தனை ஆண்டு நடத்தலாம் என்று கணக்குப் போடாதீர்கள். தூக்கம் போய்விடும்.

இந்தப் பக்கமும் கொஞ்சம் பாருங்கள். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. திருக்குறளிலிருந்து சங்க நூல்கள் வரை, உலகமெங்கும் இருந்த தமிழர்கள் சொந்த நேரத்தில் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, இணையத்தில் ஏற்றினார்கள். கூலி இல்லை. விளம்பரம் இல்லை. ஈழத்தில் 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டம் அதைவிட அதிக ஆவணங்களை எண்ணிமத்தில் சேர்த்துவிட்டது. தன்னார்வலர் உழைப்பு, நன்கொடையாளர் பணம். போரில் எல்லாம் இழந்தவர்கள் கொடுத்தார்கள். ஒன்றும் இழக்காத நாம் பதிவிறக்கினோம்.

உள்ளூரில் இல்லையா? திருக்கோகர்ணத்தில் இருக்கிறது ஞானாலயா. கிருஷ்ணமூர்த்தி, டோரதி என்ற ஆசிரியத் தம்பதி சொந்தச் சம்பாத்தியத்தைப் புத்தகமாக்கிச் சேர்த்த நூலகம். ஒரு லட்சத்துக்கு மேல் நூல்கள். முதல் பதிப்புகள், பழைய இதழ்கள். அதைத் தேடி எங்கெங்கிருந்தோ ஆய்வாளர்கள் வந்தார்கள். முனைவர் பட்டம் கிடைத்தது. உத்தியோகம் கிடைத்தது. நூலகத்துக்கு? ஆய்வேட்டின் முன்னுரையில் ஒரு வரி நன்றி கிடைத்திருக்கும். நன்றியைக் கொண்டுபோனால் எந்த மின்வாரிய கவுன்டரில் வாங்குவார்கள்?

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நன்கொடை கேட்பவரெல்லாம் ஏழையில்லை. விக்கிப்பீடியாவின் அறக்கட்டளைக்கு ஆண்டுக்குப் பதினைந்து கோடி டாலருக்கு மேல் வருகிறது. அதன் கையேந்தலைப் பார்த்து ஒருவர் முகம் சுளித்தால் சண்டைக்குப் போக மாட்டேன். கணக்குக் கேளுங்கள். கேட்க வேண்டும். ஆனால் அந்த ஒரு கணக்கைக் காட்டி, இரண்டு பேர் ஒரு பழைய கணினியில் நடத்தும் தமிழ்த் தளத்துக்கும் கதவைச் சாத்துகிறோமே, அது விழிப்புணர்வு இல்லை. சாக்கு.

நாம் கஞ்சர்களும் இல்லை. அதுதான் எரிச்சல். 2024-இல் வயநாட்டில் மண் சரிந்தபோது இந்த மாவட்டத்தில் ஒரு டீக்கடைக்காரர் மொய் விருந்து வைத்துப் பணம் திரட்டினார். 1991-இல் அறிவொளி இயக்கத்தில் இந்த மாவட்டத்தின் ஆயிரக்கணக்கானவர்கள் சம்பளம் வாங்காமல் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். கல் உடைத்த பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். அறிவைப் பணம் வாங்காமல் வாரிக் கொடுத்த மண் இது. அந்த மண்ணுக்கு அறிவுக்குப் பணம் கொடுக்க மட்டும் கை வரவில்லை.

ஏன் வரவில்லை? மொய் மேசையில் நாலு பேர் பார்க்கிறார்கள். பெயர் எழுதுகிறார்கள். குறைத்து வைத்தால் பேசுகிறார்கள். வைக்காமல் போனால் மானம் போகிறது. வலைத்தளத்தின் நன்கொடைப் பக்கத்தில் நம்மை எவனும் பார்ப்பதில்லை. அங்கே மானம் ஆஃப்லைனில் இருக்கிறது.

நன்கொடை என்ற சொல்லே தப்பு. அதைச் சொன்னதும் நாம் வள்ளலாகிவிடுகிறோம். வள்ளலுக்குக் கொடுக்காமல் இருக்கவும் உரிமை உண்டு. இங்கே விஷயம் வேறு. பிள்ளை பரீட்சைக்குப் படித்தது அந்த இலையில். நாம் மேடையில் பேச மேற்கோள் எடுத்தது அந்த இலையில். சாப்பிட்டாயிற்று. கையும் கழுவியாயிற்று. மேசையைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறோம். இப்படிப் போகிறவனுக்கு வடகாட்டில் என்ன பெயர் என்று வடகாட்டிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். அச்சில் போட முடியாது.

ஒரு நாள் அந்தத் தளம் திறக்காது. பக்கம் வெள்ளையாக நிற்கும். அன்றைக்கு நம் பாசம் பொங்கும். கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் எழும்பும். தளத்தின் படம் ஸ்டாம்ப் அளவில், வருந்துவோர் படங்கள் ஆளுயரத்தில். கீழே "இலவசமாகப் படித்தோர் நலச் சங்கம், புதுக்கோட்டை மாவட்டம்" என்று இருக்கும்.

அந்தச் சங்கத்துக்குச் சந்தா உண்டு. கட்டிவிடுவோம். ஃப்ளெக்ஸில் படம் வர வேண்டுமே.