பட்டியலிலிருந்து பதிவேட்டுக்கு: நிரல்நிறை நோக்கில் ஓர் ஆய்வு

பட்டியலில் கிடக்கும் உருப்படிகளை எடுத்துப் பதிவேட்டின் கட்டங்களில் போடுவது அற்பமான வேலை என்பது நிரலாளர் மரபு. அப்படிச் சொன்ன கையோடு ஒரு பிற்பகலை அதற்கே காவு கொடுப்பதும் அவர்தம் மரபே. இம்முரணுக்கு விளக்கம் தேடிப் புகுந்த நாம் வந்து நின்ற இடம், செய்யுளின் சொற்களைக் கூட்டிப் பொருள் கொள்ளும் முறையான தமிழ் இலக்கணத்தின் பொருள்கோள்.

சிலவற்றை வரிசையாகச் சொல்லி, அவற்றுக்குரியவற்றைப் பின்னர் அதே வரிசையில் சொல்வது நிரல்நிறை. நன்னூலார் கூறும் எட்டுப் பொருள்கோள்களில் ஒன்று. 45ஆம் குறளில் அன்பு பண்போடும் அறன் பயனோடும் சேர்வது இவ்வழியில்தான். பைத்தான் மொழியில் இதே வேலையை ‘ஜிப்’ செய்கிறது: கட்டங்களின் பெயர்கள் ஒருபுறம், பட்டியலின் மதிப்புகள் மறுபுறம், முதலாவதோடு முதலாவது, இரண்டாவதோடு இரண்டாவது. ஜிப்பைக் கண்டவர் தமிழரே என்று இங்கேயே நிறுவிவிடலாம். ஆசையை அடக்கிக்கொள்கிறோம்.

ஏனெனில் குறளுக்குப் பரிமேலழகர் உண்டு. ஜிப்புக்கு உரையாசிரியர் இல்லை. பெயர் ஐந்து, மதிப்பு நான்கு என்று வந்தால் நான்கு ஜோடிகளோடு அது எழுந்து போய்விடும். ஐந்தாவதற்காக ஒரு முனகல்கூட இராது. 2021இல் வெளிவந்த 3.10 பதிப்பில் ‘ஸ்ட்ரிக்ட்’ என்றொரு விருப்பத்தைச் சேர்த்தார்கள். கேட்டுக்கொண்டால் கண்டிப்பு; கேட்காதவருக்குப் பழைய தாராளம்.

பதிவேட்டின் கட்டங்களை வகுக்கவென்று 2018இல் 3.7 பதிப்போடு வந்த ‘டேட்டாகிளாஸ்’ இன்னும் சுவையானது. பட்டியலின் முன் ஒரு நட்சத்திரக்குறி இட்டால் உருப்படிகள் வரிசையாகப் போய்க் கட்டங்களில் உட்காரும். ஒன்று கூடினால் உடனே பிழை என்று அலறும். ஆனால் எண்ணிக்கை சரியாக இருந்து வரிசை மட்டும் பிசகினால்? உயரம், எடை என்று கட்டங்கள் காத்திருக்க, பட்டியலில் எடை முந்திக்கொண்டு வந்தால், 62 சென்டிமீட்டர் உயரமும் 160 கிலோ எடையும் கொண்ட ஒரு மனிதர் பிறந்து பதிவேட்டில் நிம்மதியாக வாழத் தொடங்குவார். இரண்டும் முழு எண்கள் என்பதால் வகை பார்க்கும் கருவியும் வாழ்த்திவிட்டுப் போகும். அட, வயது முழு எண் என்று எழுதிவைத்த கட்டத்தில் ‘மதுரை’யைப் போட்டாலும் டேட்டாகிளாஸ் ஓட்டத்தில் மறுப்பதில்லை. வரிசை தலைகீழாவதற்கு இலக்கணத்தில் எதிர்நிரல்நிறை என்று ஓர் இடம் உண்டு, அலுவலகத்தில் இல்லை.

கோபால் (COBOL) நிரல்மொழியார் மாற்று மார்க்கம் கண்டவர்கள். அவர்களுடைய ‘மூவ் கரஸ்பாண்டிங்’ கட்டளை வரிசையைப் பொருட்படுத்தாது. பெயருக்குப் பெயர் ஒத்தால் மதிப்பை நகர்த்தும். பெயரில் ஓரெழுத்து பிசகினால் அந்தக் கட்டத்தைப் பேசாமல் விட்டுவிடும். தவிர, கொடுப்பவரும் பெயரிட்ட பதிவாக இருக்க வேண்டும். அநாமதேயப் பட்டியலுக்கு அங்கே அனுமதி இல்லை.

இனி, பட்டியலிலிருந்து பதிவேட்டுக்குப் போவது ‘நகல்’ என்பதே ஐயத்துக்குரியது. பைத்தானில் ஒரு பட்டியலைப் பதிவேட்டின் கட்டத்தில் வைத்தால் நகல் எதுவும் பிறப்பதில்லை. மூலம் இருக்கும் இடம் மட்டுமே குறித்துக்கொள்ளப்படும். மதிப்பெண்களை ஒரு மாணவரின் பதிவில் வைத்துவிட்டு, அதே பட்டியலைக் காலிசெய்து அடுத்தவருக்கும் நிரப்பும் சிக்கனக்காரர் உண்டு. இறுதியில் வகுப்பு முழுவதும் கடைசி மாணவரின் மதிப்பெண்களையே பெற்றிருக்கும். ‘காப்பி’ என்று ஒரு சொல் சேர்த்தால் தீரும் கோளாறுதான். ஆனால் அந்தக் கடைசி மாணவர் நன்றாகப் படிப்பவராக வாய்த்துவிட்டால், புகார் தர யார் வரப்போகிறார்கள்?